தாய்மாமன் ஊரில் இல்லை

இக்கோயி, லாகோஸ்
3 மார்ச் 1982

அன்புள்ள அராபா அக்காவுக்கு,

உன் தம்பி குவாமெனா எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மகள் எக்குவா எப்படி இருக்கிறாள் என்று எழுது.

நம் சால்ட்பாண்டிலிருந்து இங்கே வருகிறவர்கள் கதை கதையாகச் சொல்கிறார்கள். ஒரு கட்டி சோப்புக்கு விடியும் முன்பே வரிசையாம். பால் டப்பாவைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிறதாம். மாவு இல்லாத ஊரில் ரொட்டிக்காரி என்ன செய்வாள்? உன் அடுப்பில் கோழியை அடைகாக்க வைத்துவிட்டாயா? கேலிக்குக் கேட்டாலும் கவலையோடுதான் கேட்கிறேன்.

இங்கே நிலைமையே வேறு. நான் இருப்பது நல்ல பெரிய வீடு. ஆள் மேல் ஆள் நின்றாலும் எட்டாத மதில், இரும்பு கேட். ஃபிரிட்ஜைத் திறந்தால் பல் கூசுகிற தண்ணீர். மின்விசிறி நிற்காமல் சுற்றுகிறது. இறைச்சி இல்லாத நாள் குறைவு. ரொட்டியை அறுத்தே விற்கிறார்கள். உன் ரொட்டிக்குப் பக்கத்தில் நிற்காது, பஞ்சைத் தின்கிற மாதிரி இருக்கும். ஆனால் கிடைக்கிறது, அக்கா. அதுதானே விஷயம். தெருவில் எத்தனை கார் என்றால், நடந்து போகிறவன்தான் முதலில் போய்ச் சேருகிறான்.

பள்ளிக்கூட வேலை அப்படியே ஓடுகிறது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

கானாவும் நைஜீரியாவும் ஒரே கடலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கின்றன. இவர்கள் தோண்டினால் எண்ணெய் வருகிறது, நாம் தோண்டினால் மரவள்ளிக்கிழங்கு வருகிறது. எக்குவா படிப்பை முடித்துவிட்டாள். அவள் அப்பா தகோராடியில் வேறு குடும்பத்தோடு செட்டில் ஆகிவிட்டார். அவளுக்கு ஒரு வழி செய்ய வேண்டியவன் நான்தான். என்றைக்கு வேண்டுமானாலும் அவளை இங்கே அனுப்பு. தாய்மாமன் என்று வேறு எதற்கு இருக்கிறேன்?

அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன் தம்பி,
குவாமெனா


சால்ட்பாண்ட்
28 மார்ச் 1982

தம்பி குவாமெனாவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் அதோடு இருக்கிறது. எக்குவா நலம். அவளுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது என்பதை நீ மறந்திருப்பாய்.

உன் ஃபிரிட்ஜுக்கும் மின்விசிறிக்கும் என் வாழ்த்துகள். கோழி அடைகாக்க வேறு இடம் இருக்கிறது. என் அடுப்பு எரிகிறது. போன வாரம் முழுக்க ரொட்டி சுட்டேன். சந்தைக்குக் கொண்டுபோகும் முன்பே வாசலில் விற்றுப்போகிறது. சோப்பும் இருக்கிறது, பாலும் இருக்கிறது. நேற்று எக்குவா காலை டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டாள், நான் திட்டவில்லை. மாவு எங்கிருந்து வருகிறது என்று கேட்காதே. வருகிறது.

மற்றவர்களுக்குக் கஷ்டம்தான். படகுக்கு எண்ணெய் இல்லை, வலைக்கு நூல் இல்லை. மாலை ஆனால் ஊரடங்கு. ஊர் முனையில் புதிதாக ராணுவச் சாவடி போட்டிருக்கிறார்கள். கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள் என்று ஒரு பேச்சு. அப்படியானால் படிக்கிறவருக்கும் என் வணக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பஞ்சு ரொட்டி தின்று மெலிந்துவிடாதே.

அக்கா,
அராபா


லாகோஸ்
2 மே 1982

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை இங்கே நம் ஊர்க்காரர்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "உங்க அக்காவுக்கு மட்டும் ஆகாசத்துலேருந்து மாவு கொட்டுதா?" என்று கேப் கோஸ்ட் தையல்காரன் கேட்டான்.

யார் கொடுக்கிறார்கள்? எதற்குக் கொடுக்கிறார்கள்? நீ கேட்காதே என்றாய். நான் கேட்காமல் யார் கேட்பது?

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நேற்றுகூட ஆட்டிறைச்சிக் குழம்பு. பதிலைச் சீக்கிரம் எழுது.

குவாமெனா


சால்ட்பாண்ட்
10 ஜூலை 1982

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, எழுதுவதற்குச் சரியான சொல் கிடைக்கவில்லை.

அடுப்பு அணைந்துவிட்டது. மாவு வருவது நின்றுவிட்டது, நான்தான் நிறுத்தினேன். அவ்வளவுதான் எழுத முடியும்.

எக்குவாவை உன்னிடம் அனுப்புகிறேன். மார்ச்சில் நீயே கூப்பிட்டாய். துணி வியாபாரி அடோமா அக்கா ஆகஸ்டில் மறுபடி லாகோஸ் வருகிறாள், அவளோடு லாரியில் வருவாள். எக்குவாவுக்கு ஃபிரிட்ஜ் தண்ணீர் வேண்டாம், இறைச்சி வேண்டாம். படுக்க ஒரு பாய் போதும். மாமன் வீட்டில் மருமகள் எத்தனை மாதம் இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. ஆகட்டும் என்று ஒரு வரி எழுது.

அக்கா


லாகோஸ்
25 ஜூலை 1982

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன்.

எக்குவா வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இப்போது வேண்டாமே. இந்த ஊரைப் பற்றி நான் முழுதும் எழுதியிருக்க மாட்டேன். மின்சாரம் வந்தால் வரும், போனால் நாள்கணக்கில் போகும். அப்போது ஃபிரிட்ஜ் வெறும் அலமாரிதான். தண்ணீர் லாரி வரவில்லை என்றால் இவ்வளவு பெரிய வீட்டிலும் குளிக்க முடியாது. பட்டப்பகலில் துப்பாக்கியைக் காட்டிக் காரைப் பறிக்கிறார்கள். எண்ணெய் விலை இறங்கிவிட்டதாம், கட்டட வேலை பாதியில் நிற்கிறது, எல்லாக் கோபமும் நம் ஆட்கள் மேல் திரும்புகிறது. பேருந்தில் நாம் வாய் திறந்தால் போதும், "ஓமோ கானா, கானாக்காரப் பயலே, எங்க சோத்தத் தின்ன வந்தியா?" என்கிறார்கள். ஒரு அறைக்குக் கேட்கும் வாடகையில் சால்ட்பாண்டில் படகே வாங்கிவிடலாம்.

அங்கே கஷ்டம் என்றாலும் நம் ஊர். கடல் இருக்கிறது, மீன் இருக்கிறது, தெரிந்த முகம் இருக்கிறது. வயதுப் பெண்ணுக்கு அதுதான் பாதுகாப்பு. கிறிஸ்துமஸ் வரை பொறு. அதற்குள் நான் வசதி செய்துவிடுகிறேன்.

என் மேல் வருத்தம் வேண்டாம்.

குவாமெனா


சால்ட்பாண்ட்
12 ஆகஸ்ட் 1982

குவாமெனாவுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

உன் கடிதங்களில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மார்ச்சில் ஒரு லாகோஸ் இருந்தது, பல் கூசுகிற தண்ணீரோடு. ஜூலையில் இன்னொரு லாகோஸ், திருடர்களோடு. இரண்டுக்கும் நடுவில் வந்தது என் கேள்வி ஒன்றுதான். நம் குலத்தில் தாய்மாமன் மருமகளுக்குக் கதவைச் சாத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நம் தாய்மாமன் வீட்டில் நீ தின்ற சோளமாவுக் கெங்கி உருண்டைகளுக்குக் கணக்கு உண்டா? அவர் வசதி செய்துவிட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டாரா?

சால்ட்பாண்டில் வயதுப் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இது உன் கைக்கு வரும்போது எக்குவா வழியில் இருப்பாள். கேட்டைத் திறந்து உள்ளே விடு. பிறகு நன்றாகச் சாத்து.

அராபா


இக்கோயி, லாகோஸ்
9 அக்டோபர் 1982

அன்புள்ள அம்மாவுக்கு,

எக்குவா எழுதுகிறேன். நலமாக வந்து சேர்ந்தேன். மாமா நலம். உன் முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறாயா?

நாங்கள் வந்த பிறகு எல்லையை மூடிவிட்டார்களாம். கொஞ்சம் பிந்தியிருந்தால் நான் பாதி வழியில் லாரிக்கு அடியில் குடும்பம் நடத்தியிருப்பேன்.

மாமா எழுதியது எல்லாம் உண்மை. ஃபிரிட்ஜ் இருக்கிறது, பார்த்தேன், வெள்ளை நிறம். மின்விசிறி இருக்கிறது. மதில் அவர் எழுதியதைவிட உயரம். எங்கள் அறை கேட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் யார் வந்தாலும் போனாலும் தெரியும். மாமாவுக்கு வேலை அதிகம். பகலும் இரவும் வீட்டைவிட்டு நகரமாட்டார். என்னைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு அவர் வெளியே காற்றாடப் படுத்துக்கொள்கிறார். நல்ல காற்று என்கிறார். மழை நாளிலும் அப்படித்தான் சொன்னார்.

வீட்டு மேடம் நல்லவர். அவர் பிள்ளைகளின் துணியை இஸ்திரி போடுகிறேன், பெரியவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ரொட்டி மாமா எழுதிய மாதிரியேதான், பஞ்சு.

ஊரில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள்? எல்லோரும் என்றால் உனக்குத் தெரியும். யாராவது வந்து என்னைக் கேட்டார்களா?

அன்பு மகள்,
எக்குவா


சால்ட்பாண்ட்
4 டிசம்பர் 1982

என் அன்புத் தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மழையில் படுக்காதே. நான் நலம்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. மூடிய எல்லையைப் புதர்வழியாகத் தாண்டி லோமேவுக்குப் போகிற ஒருவரின் சட்டைக்குள் வருகிறது. அதனால் இதுவரை எழுதாததை எழுதுகிறேன்.

மாவு கொடுத்தவன் சாவடிச் சார்ஜண்ட். ஒருநாள் மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். "ஊரு பசியில கெடக்கு, ரொட்டிக்காரம்மா. நீங்க சுடுங்க" என்றான். ஊர்ப் பசிக்காகத்தான் என்று நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது. பிறகு பால், சோப்பு, சர்க்கரை. வரும்போதெல்லாம் எக்குவாதான் டீ கொண்டுவர வேண்டும். மே மாதம் ஜின் பாட்டிலோடும் இரண்டு ஆட்களோடும் வந்து, முறைப்படி பெண் கேட்டுக் கதவைத் தட்டினான். வடக்கே அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி, இங்கே மூன்று ஊரில் மூன்று பெண்கள் என்று ஊருக்கே தெரியும். அதில் ஒருத்தியை நான் சந்தையில் பார்த்திருக்கிறேன். ஒரு கண் சரியாகத் திறக்காது.

"உங்க வீட்டுத் தோட்டத்துல ஒரு பூ பூத்திருக்குன்னாங்க. கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்" என்றான்.

"பூவுக்குச் சொந்தக்காரன் அவ தாய்மாமன். அவன் ஊர்ல இல்ல. அவன் கைநீட்டாம நான் பாட்டில வாங்கினா குலத்துக்கு ஆகாது."

"எங்க இருக்காரு?"

"லாகோஸ்ல."

"வரச்சொல்லுங்க. நான் காத்திருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. உங்களுக்குத்தான் மாவு தீந்துபோகும்."

அன்றோடு மாவை நிறுத்தினேன். அவன் வருவதை நிறுத்த முடியவில்லை. எக்குவா போன பிறகும் வந்தான். மாமனிடம் போயிருக்கிறாள் என்றேன். சிரித்தான். "நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் ஒண்ணாவே வரட்டும்" என்றான்.

இப்போது உன் விஷயம். உன் பள்ளிக்கூட வேலை போய்விட்டது, நீ அந்த வீட்டுக் காவல்காரன் என்று எனக்கு ஜூன் மாதமே தெரியும். காக்கிச் சட்டையில் நீ கேட்டைத் திறந்ததை அடோமா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். இனிமேல் என்னிடம் ஆட்டிறைச்சி தின்ன வேண்டாம். ஃபிரிட்ஜ் வைத்திருக்கிற வாத்தியாரிடம் என் மகளை அனுப்ப யோசித்திருப்பேன். உயரமான மதிலுக்குள், கேட் ஓரத்தில் படுத்திருக்கிற தம்பியிடம் அனுப்ப யோசிக்கவே இல்லை. உன்னை ஏசி எழுதியதெல்லாம் நீ மறுக்காமல் இருக்கத்தான்.

நீ இங்கே இல்லாதவரை நான் அந்தப் பாட்டிலை வாங்க வேண்டியதில்லை. எல்லா அக்காமாரும் தம்பியை வா என்று எழுதுவார்கள். நான் வராதே என்று எழுதுகிறேன். எனக்காக அங்கேயே இரு.

உன் அக்கா,
அராபா


லாகோஸ்
20 ஜனவரி 1983

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிறிஸ்துமஸ் முடிந்து கிடைத்தது. நலமா என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருந்ததால் பதில் எழுதவில்லை. இப்போது கூச்சப்பட நேரம் இல்லை.

ரேடியோவில் கேட்டிருப்பாய். அனுமதித் தாள் இல்லாத வெளிநாட்டார் எல்லோரும் இந்த மாதக் கடைசிக்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டுமாம். கைத்தொழில் படித்தவர்களுக்கு இன்னொரு மாதம் தவணை. காவல்காரனுக்கு இல்லை. முதலாளி இன்று காலை கேட்டுக்கே வந்தார். "குவாமெனா, நீ நல்லவன். ஆனா போலீஸ் வந்து கேட்டா உன்னத் தெரியாதுன்னுதான் நான் சொல்லணும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நேற்று அடுத்த தெருவில் நம் ஆள் ஒருவனின் கட்டிலைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். உடைத்தவர்களில் ஒருவன் அவனிடம் தினமும் தீப்பெட்டி வாங்குகிறவன்.

லாரிக்கு இடம் பிடிக்க அலைகிறேன். நம் எல்லை மூடியிருக்கிறதாம், பெனின் நாட்டில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். அதுகூட எனக்குப் பெரிதில்லை. நான் ஊருக்கு வந்தால் அவன் பாட்டிலோடு வருவான். வராமல் இருப்பதற்கு இந்த உலகத்தில் எனக்கு இடம் இல்லை. ஒரு நாடு போ என்கிறது, இன்னொன்று கதவைச் சாத்தியிருக்கிறது, அதற்குப் பின்னால் அவன் நிற்கிறான். எக்குவாவை எங்கே கொண்டுபோவேன்?

உன்னைக் கேட்டு முடிவெடுக்க முடியாது. உன் பதில் வரும்போது இந்தக் கேட்டில் வேறொருவன் இருப்பான். நானே ஏதாவது செய்கிறேன். தப்பாகிவிட்டால் என்னை மன்னிக்காதே.

தம்பி


கோத்தனு
27 பிப்ரவரி 1983

அன்புள்ள அம்மா,

நலமாக இருக்கிறேன். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன், கால் மட்டும் வீங்கியிருக்கிறது.

மாமா இதற்குள் வந்து சேர்ந்திருப்பார். நான் வரவில்லை என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். பயப்படாதே. பெனின் கரையில் நம் சால்ட்பாண்ட் படகுக்காரர்கள் வருஷக்கணக்காகக் குடியிருக்கிறார்கள். அங்கே மீன் புகைபோடுகிற மான்சா அக்காவிடம் என்னை விட்டிருக்கிறார். உனக்கு அவளைத் தெரியும், அவள் கல்யாண ரொட்டி நீ சுட்டதுதானாம்.

எல்லை திறக்கும்வரை ஆயிரக்கணக்கான பேர் வெட்டவெளியில் கிடந்தோம். தண்ணீருக்கு அடிதடி. ஒரு பெண் லாரி நிழலிலேயே பிள்ளை பெற்றாள். எல்லை திறந்துவிட்டது என்று செய்தி வந்ததும் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு லாரியில் ஏறினார்கள். மாமா மட்டும் என் கையைப் பிடித்துக் கடற்கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தார்.

"நானும் வரேன் மாமா. எனக்கு அம்மாவப் பாக்கணும்."

"நீ வந்தா அவன் கதவத் தட்டுவான்."

"தட்டட்டும். வேண்டாம்னு சொல்றேன்."

"துப்பாக்கி வச்சிருக்கறவன்கிட்ட வேண்டாம்னு எத்தன தடவ சொல்லுவே?"

நான் அவரைக் கடுமையாகப் பேசிவிட்டேன். பொய்யாக எழுதி என்னை லாகோஸுக்கு வரவைத்தவர், இப்போது நடுவழியில் தள்ளிவிட்டுப் போகிறார் என்றேன். அவர் தன் பையிலிருந்த பால் டப்பாக்களை எல்லாம் என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் போய் லாரியில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. அவரிடம் சொல், நான் பேசியது தப்பு என்று.

கானா நல்லதா, நைஜீரியா நல்லதா என்று நீங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷம் எழுதிக்கொண்டீர்கள். நான் இருப்பது மூன்றாவது நாட்டில். கடையில் சோப்பு இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. பேசுவதுதான் ஒன்றும் புரியவில்லை. நாள் முழுக்கப் புகையில் நிற்பதால் நான் அழுகிறேனா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை, அது ஒரு வசதி.

மாமா எழுதினால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே எழுதுவார். நீ எழுதினால் எதையும் எழுதமாட்டாய். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அவன் இருக்கிறானா, போய்விட்டானா? வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நீ சொல்வதை வைத்துத்தான் நான் வருவதும் இருப்பதும்.

எக்குவா


சால்ட்பாண்ட்
16 ஏப்ரல் 1983

அன்பு மருமகள் எக்குவாவுக்கு,

மாமா எழுதுவது. நாங்கள் நலம். உன் கால் வீக்கம் வற்றிவிட்டதா? நீ பேசியதை நான் அங்கேயே மறந்துவிட்டேன்.

ஊர் கொஞ்சம் காய்ந்துதான் போயிருக்கிறது. மழை இல்லை, காட்டுத்தீயில் மரவள்ளித் தோட்டமெல்லாம் போய்விட்டது. அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள். முன்னைவிட மெலிந்தது வயதுக்கு நல்லதுதான்.

நான் வந்த மூன்றாம் நாள் அவன் பாட்டிலோடு வந்தான். "தாய்மாமன் வந்தாச்சு. இனி என்ன?" என்றான்.

"இனி பொண்ணக் கேக்கணும் சார்" என்றேன். "இந்த பாட்டில வாங்கலாமான்னு பொண்ணையே மூணு தடவ கேக்கணும். மூணு தடவையும் அவ வாங்குன்னு சொல்லணும். வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?"

"பொண்ணு எங்க?"

"கூட்டத்துல தவறிட்டா. தேடிக்கிட்டு இருக்கோம்."

அவன் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு ஒரு பல் ஆடுகிறது, அது பழைய பல்.

நல்ல செய்தி ஒன்று. அவனை வடக்கே மாற்றிவிட்டார்கள். சாவடியில் இப்போது வேறு ஆள். அதனால் மான்சாவின் படகு ஜூனில் இந்தப் பக்கம் வரும்போது நீயும் ஏறி வந்துவிடு. அம்மா வாய்விட்டுச் சொல்லமாட்டாள், ஆனால் உன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இதை நம் படகுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஆசிகளுடன்,
மாமா குவாமெனா


சால்ட்பாண்ட்
29 மே 1983

எக்குவா,

நலம் கேட்பதை இந்த ஒரு கடிதத்தில் விட்டுவிடுகிறேன்.

மாமா உனக்கு எழுதியதை நேற்றுதான் என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துபோனான். மாற்றல் எதுவும் இல்லை. அப்படி ஒரு பேச்சு இரண்டு நாள் ஊரில் இருந்தது, மாமா அதை நடந்துவிட்டதாக எழுதிவிட்டான். மாமாவுக்குப் பல் ஆடவில்லை, மூன்று பல் போய்விட்டது. நீ வரும்வரை தினமும் காலையில் சாவடியில் போய் நிற்க வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு. வெயிலில் நிற்கிறான். சில நாள் மாலையில்தான் விடுகிறார்கள். பெண் வந்தால் உன்னை விட்டுவிடுகிறேன் என்று அந்தச் சார்ஜண்ட் சொல்லியிருக்கிறான்.

உனக்கு எழுதியது அதற்காக இல்லை, நான் பட்டினியில் உன்னைப் பார்க்காமல் செத்துவிடுவேன் என்ற பயத்தில்தான் என்று மாமா சத்தியம் செய்கிறான். நான் நம்புகிறேன். நீயும் நம்பு. நிற்கிறவன் அவன், நாம் இல்லை.

பசி இருக்கிறது. சாகமாட்டேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது, எப்போதும் இருக்கிறது, அதை எழுதாமல் விட்டதற்குக் காரணம் நீ கிளம்பிவிடுவாய் என்பதுதான்.

நீ ஒரு கேள்வி கேட்டாய். அவன் இருக்கிறான். வராதே. படகில் ஏறியிருந்தாலும் இறங்கிவிடு.

அம்மா